வீட்டில் நூல் சேலை இருக்கிறதா?

உடன்குடியில் நின்று போர்வையைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். தேரி மணல் காலைச் சுடும். கருப்பட்டி காய்ச்சும் விடிலிக்குள் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. ஆனால் இதே ஊர்க் குழந்தை ஒன்றுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால் கதை வேறு. திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ போக வேண்டும். சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் இழுக்கும். ஏ.சி. வார்டில், முடி கொட்டிய தலையோடு, கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது பிள்ளை குளிரில் நடுங்கும். வீட்டு வாசனை உள்ள ஒரு துணி அப்போது கையில் வேண்டும்.

அமெரிக்காவில் இதை ஒரு பெண் 1995 கிறிஸ்துமஸ் சமயத்தில் பிடித்துக்கொண்டார். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையைத் தன் போர்வையின் துணையோடு தாங்கிய சிறுமியைப் பற்றிப் பத்திரிகையில் படித்தவர், பக்கத்துக் குழந்தைகள் புற்றுநோய் மையத்துக்குப் போர்வை செய்து தரக் கிளம்பினார். போர்வையைக் கீழே வைக்காத ‘பீனட்ஸ்’ கார்ட்டூன் சிறுவனின் பெயரில் அது ‘புராஜெக்ட் லைனஸ்’ ஆனது. தன்னார்வலர்கள் தந்த போர்வைகள் 80 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

நம் பக்கத்திலும் கை சும்மா இல்லை. 2016 ஜனவரியில் ‘மதர் இந்தியா குரோஷே குயின்ஸ்’ குழுப் பெண்கள் சென்னையில் விரித்த குரோஷா போர்வை 11,148 சதுர மீட்டர். இரண்டே முக்கால் ஏக்கர்! அன்று கின்னஸ் சாதனையான அதைப் பிரித்து, இல்லாதவர்களுக்குத் தருவதுதான் திட்டமாக இருந்தது. அது துணியில் தைத்தது அல்ல, நூலில் பின்னியது. குழந்தைகளுக்கென்று மட்டும் செய்ததும் அல்ல. ஆனாலும் வீட்டுப் பெண்கள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆக, ஆளுக்கும் மனசுக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் பருத்தித் துணிக்குத்தான்.

பழைய நூல் சேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் ஐந்தரை மீட்டர். நாலாக மடித்தால் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அகலம் ஒன்றேகால் மீட்டருக்குப் பக்கம். ஒரு பிள்ளைக்கு அளவெடுத்தது போல இருக்கும். நாலு மூலையையும் ஊசியால் பிடித்து, ஓரத்திலிருந்து உள்ளே உள்ளே ஓட்டுத் தையல் போட்டு வந்தால் பஞ்சு வைக்காமலே போர்வை தயார். வங்காளத்துக் காந்தா இப்படிப் பிறந்ததுதான். சேலைக் கரையிலிருந்து உருவிய நூலே அதற்குத் தையல் நூல். வட கர்நாடகத்துக் கௌதியும் பழந்துணிதான். அங்கே சித்தி இனப் பெண்கள் போர்வையின் மூலைகளில் ‘பூலா’ என்று முக்கோணத் துணி வைத்துத் தைப்பார்கள். அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறதாம். நமக்கும் தூளி கட்டியது அம்மாவின் சேலையில்தானே.

இன்று அந்தச் சேலை எந்தப் பீரோவில் இருக்கிறது? துவைத்தால் சாயம் போகாது, இஸ்திரி வேண்டாம், விலையும் குறைவு என்று பாலியஸ்டர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. பருத்தி தன் எடையில் எட்டு சதவீதம் அளவுக்குக் காற்றின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. காய்ச்சலில் வேர்த்த பிள்ளைமேல் அதைப் போர்த்தினால் வேர்வை எங்கே போகும்? இத்தனைக்கும் உடன்குடி இருக்கும் தூத்துக்குடி, கருங்கண்ணிப் பருத்தி விளைந்த கரிசல் காட்டு மாவட்டம். பொதி பொதியாகத் தூத்துக்குடித் துறைமுகம் வழியே பருத்தி கப்பலேறிய பூமி.

நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைகளுக்குப் புதுத் துணிதான் தர வேண்டும், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையைப் போர்வையோடு தூங்கவிடக் கூடாது என்பார்கள் மருத்துவர்கள். சரிதான். ஆனால் புதுசு வாங்கக் கடைக்குப் போனாலும் ‘காட்டன் மாதிரி’தான் முதலில் கைக்கு வருகிறது. குரோஷா பின்ன நூல் கேட்டால் அக்ரிலிக்.

தைக்க நினைப்பவர்கள் முதலில் வார்டு நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிறகு, புதுசோ பழசோ, துணியின் ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் அது பருத்தி. உருகி, கடுகு போலக் கெட்டியானால், பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் தெருவுக்கு வரும்போது போட்டுவிடலாம்.