அன்றைய கணக்கை அன்றே பாருங்கள்

கல்லாவில் பணம் குறைந்தால் கடை கட்டும்போதே நமக்குத் தெரிந்துவிடும். செல்போன் வழியாக வரும் பணத்தையும் அப்படி ஒத்துப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் 2018-இல் நடந்ததை நாம் அறிந்துகொள்வது நல்லது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கிகள் 'ஸ்விஃப்ட்' என்னும் செய்தித் தொடர்பைப் பயன்படுத்துகின்றன. ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு எழுதும் உண்டியல் சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வாண்டு பிப்ரவரியில் கணினி வழியே புகுந்த திருடர்கள், வங்கியே எழுதியதுபோல் மூன்று உத்தரவுகளை அனுப்பினார்கள். தொகை 20 லட்சம் டாலரை நெருங்கியது. ஒப்புதல் அச்சாகும் பிரிண்டரையும் முடக்கிவிட்டார்கள்.

பிப்ரவரி 7 அன்று முதல் நாள் கணக்கை ஒத்துப் பார்த்ததில் விஷயம் வெளிப்பட்டது. உடனே அயல்நாட்டு வங்கிகளுக்குத் தகவல் போயிற்று. நியூயார்க் வழியாகத் துபாய்க்கு அனுப்பப்பட்ட 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டது. பிராங்பர்ட் வழியாகத் துருக்கிக்குச் சென்ற 3 லட்சம் யூரோ அங்கேயே முடக்கப்பட்டது. சீனாவுக்குப் போன 10 லட்சம் டாலர் மட்டும் போலி ஆவணங்கள் காட்டி எடுக்கப்பட்டது.

2016-இல் வங்காளதேச மத்திய வங்கிக்கு இவ்வளவு நேரம் வாய்க்கவில்லை. டாக்காவில் வெள்ளி விடுமுறை, நியூயார்க்கில் சனி, ஞாயிறு, மணிலாவில் திங்களன்று சீனப் புத்தாண்டு விடுமுறை. இந்த இடைவெளியில் 8.1 கோடி டாலர் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது. இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டாலர், பெயரிலிருந்த எழுத்துப் பிழையை ஒரு வங்கி கவனித்ததால் தப்பியது.

நாடு விட்டு நாடு வங்கிகள் கைகோத்தாலும், பணத்துக்கு உரியவர் முதலில் குரல் கொடுக்க வேண்டும். நம் கடைகளுக்கும் இதுவே பொருந்தும். ஆலத்தியூரில் சரக்கெடுக்கும் சில்லறைக் கடைக்காரர்களும் இப்போது செல்போனில்தான் பணம் அனுப்புகிறார்கள். ஆகவே,

1. வாடிக்கையாளர் காட்டும் திரைப்படத்தை நம்பாமல், நம் கணக்கில் வரவானதைப் பார்த்த பிறகே சரக்கைக் கொடுங்கள்.

2. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி.

3. கடையில் ஒட்டிய கியூஆர் அட்டையைத் தினமும் காலையில் ஒருமுறை சோதியுங்கள். மேலே வேறு அட்டை ஒட்டிவிடுவார்கள்.

4. இரவில் பேரேட்டையும் வங்கி வரவையும் ஒத்துப் பாருங்கள்.

5. பணம் பறிபோனால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். திருடன் எடுக்குமுன் சொன்னால், போய்ச் சேர்ந்த வங்கியில் தொகையை முடக்க வழியுண்டு.

வங்கி மீதும் நம் மீதும் தவறில்லாதபோது 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நட்டம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2017-இல் உத்தரவிட்டது. ரகசிய எண்ணை நாமே கொடுத்திருந்தால், தகவல் தரும் வரையிலான நட்டம் நம்முடையதே என்றும் அதே உத்தரவு கூறியது. எப்படிப் பார்த்தாலும் தாமதம் நமக்குத்தான் கேடு.

வெளியூர் பயணமானாலும் வீட்டில் விசேஷமானாலும், அன்றைய கணக்கை அன்றே முடித்துவிட்டுக் கடையைச் சாத்துங்கள்.