கதைக்குப் பரிந்து பேசுவோர்

தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், இரண்டாம் திருப்பலி முடிந்த பின்பு, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் என்னைக் காண வந்தார். கையில் ஒரு சிறு நகைப்பெட்டி இருந்தது. “சாமி, இதை அடகு வைத்துப் பணம் அனுப்பலாமா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்” என்றார். அவருடைய மகள் இங்கிலாந்தில் மருத்துவமனையொன்றின் குழந்தைகள் பிரிவில் செவிலியர். உறக்கம் வராத நோயாளிப் பிள்ளைகளுக்கு இரவுப்பணியில் சொன்ன கதைகளை அந்தப் பெண் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார். அவற்றைப் புத்தகமாக்கித் தருவதாகவும், முதலில் வாசிப்புக் கட்டணமாக 900 பவுன் செலுத்த வேண்டுமென்றும் ஒரு நிறுவனம் எழுதியிருக்கிறது. தன்னை ‘இலக்கிய முகவர்’ என்று அது கூறிக்கொள்கிறது.

“ஏஜெண்டு என்கிறார்கள் சாமி. அதுதான் பயமாக இருக்கிறது.”

அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. வெளிநாட்டு வேலை என்று பாஸ்போர்ட்டையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு மறைந்துபோன ஏஜெண்டுகளால் கண்ணீர் வடித்த குடும்பங்கள் நம்மிடையே இல்லாமலில்லை. ஒரு வாரம் பொறுங்கள் அம்மா என்று அவரை அனுப்பிவிட்டு, இத்தொழிலைப் பற்றித் தேடிப் படித்தேன். பிள்ளைகளைத் தொலைதூரத்துக்கு அனுப்பியுள்ள பிற குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்றெண்ணி அதனை இங்கு எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவோர் தம் கையெழுத்துப் பிரதியை நேரே பதிப்பகத்தாரிடம் கொண்டு செல்வதே பெரும்பாலும் வழக்கம். இங்கிலாந்திலோ பெரிய பதிப்பகங்களுள் பல, முகவர் வழியாக வராத பிரதியைத் திறந்தும் பார்ப்பதில்லை. ஆகவே எழுத்தாளருக்காகப் பரிந்து பேச ஒருவர் தேவைப்படுகிறார். இத்தொழிலை முதன்முதலில் முறையாக நடத்தியவர் ஏ. பி. வாட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். 1875-ஆம் ஆண்டு வாக்கில், தம் நண்பர் ஜார்ஜ் மெக்டொனால்டின் கதைகளை விற்றுத்தரும் பொறுப்பை ஏற்றதிலிருந்து அவருடைய தொழில் தொடங்கிற்று. மெக்டொனால்டு முன்னாளில் சபைப் போதகராயிருந்தவர். குழந்தைகளுக்குக் கதை எழுதிப் புகழ் பெற்றவர். ஆக, இலக்கிய முகவர் தொழிலின் பிறப்பிலேயே குழந்தைக் கதைக்குப் பங்குண்டு எனலாம். எழுத்தாளருக்கு வரும் வருவாயில் நூற்றுக்குப் பத்து என்பதே வாட் பெற்ற கூலி. கத்தோலிக்க வாசகர் நன்கறிந்த செஸ்டர்ட்டனும் பிற்காலத்தில் அவருடைய நிறுவனத்தின் வழியாகவே தம் நூல்களை விற்றார்.

முகவரே இல்லாமல் வழி தேடிய ஒருவரையும் அறிந்துகொள்வது நல்லது. 1893 செப்டம்பர் 4-ஆம் நாள் பியாட்ரிக்ஸ் பாட்டர் என்னும் இருபத்தேழு வயதுப் பெண், ஸ்காட்லாந்திலிருந்து ஒரு கடிதம் எழுதினார். தமக்கு முன்பு பாடஞ்சொல்லிக் கொடுத்த ஆசிரியையின் மகன், ஐந்து வயதுச் சிறுவன், நோயுற்றுப் படுக்கையில் கிடந்தான். அவனுக்குச் சொல்லச் செய்தி ஏதுமில்லாமையால், நான்கு முயல்குட்டிகளின் கதையைப் படம் வரைந்து எழுதி அனுப்பினார். அந்த ஆசிரியையே சில ஆண்டுகளுக்குப் பின் இதனைப் புத்தகமாக்கலாமே என்று தூண்ட, சிறுவன் பத்திரமாய் வைத்திருந்த கடிதத்தைத் திரும்ப வாங்கி, கதையை விரித்து எழுதினார் பாட்டர். ஆறு பதிப்பகங்கள் அதனை ஏற்கவில்லை. சிறு பிள்ளையின் கைக்கு அடங்கும் அளவில், ஏழைப் பிள்ளையும் வாங்கும் விலையில் புத்தகம் வேண்டுமென்று அவர் பிடிவாதமாயிருந்தார். பதிப்பகத்தாருக்கோ பெரிய நூல் வேண்டியிருந்தது.

1901 டிசம்பரில் பாட்டர் தம் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சிட்டு, உறவினருக்கும் நண்பருக்கும் கொடுத்தும் விற்றும் வந்தார். அவை விரைவில் தீர்ந்துபோக, மீண்டும் 200 பிரதிகள் அச்சாயின. இதற்கிடையே அவருக்காக வாதாட முன்வந்தவர் ஒரு குரு! ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்த கேனன் ரான்ஸ்லி என்பவர், பாட்டர் குடும்பத்துக்குப் பல்லாண்டு நண்பர். நாட்டின் இயற்கை அழகையும் பழைய கட்டடங்களையும் காக்கும் ‘நேஷனல் டிரஸ்ட்’ அமைப்பை 1895-இல் நிறுவிய மூவருள் ஒருவர். முயல் கதையைத் தாமே செய்யுளாக மாற்றி, பாட்டரின் படங்களோடு, முன்னர் மறுத்திருந்த பிரடெரிக் வார்ன் நிறுவனத்துக்கே மீண்டும் அனுப்பினார். நிறுவனத்தார் புத்தகத்தை ஏற்க முன்வந்தனர். செய்யுளை மட்டும் வேண்டாமென்று சொல்லி, பாட்டரின் எளிய உரைநடையையே கேட்டனர். படங்களுக்கு வண்ணமும் வேண்டுமென்றனர். (குருக்களாகிய நாங்கள் பிறர் எழுதியதைத் திருத்தப் புகும்போது நினைவில் கொள்ளவேண்டிய செய்தி இது!) 1902 அக்டோபரில் வெளிவந்த முதற்பதிப்பின் 8,000 பிரதிகளும் வெளியாகுமுன்பே விற்றுப்போயின.

ஆயினும் ஒரு குறை நேர்ந்தது. அமெரிக்காவில் அந்நூலின் பதிப்புரிமையைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டனர். அங்கே பிறர் திருட்டுப் பதிப்புகளை அச்சிட்டு விற்றனர். எழுதியவருக்கு அவற்றிலிருந்து எதுவும் கிட்டவில்லை. ரான்ஸ்லி நல்ல நண்பர். ஆனால் ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளைப் படிப்பது அவருடைய வேலையன்று. பதிப்பகம் தேடித் தருவதோடு முகவரின் பணி முடிவதில்லை. வெளிநாட்டுப் பதிப்பு, மொழிபெயர்ப்பு, திரைப்படம் என உரிமைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே காப்பதும் அவர் கடன்.

நம் காலத்துக்கு வந்தால், ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ரௌலிங் அம்மையாரைச் சொல்லலாம். மந்திரமும் மாயமும் பற்றிய அந்நூல்களைப் பிள்ளைகள் படிக்கலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. அது வேறொரு நாள் பேசவேண்டியது. 1995-இல் எழுதி முடித்த முதற் கதையை ஒரு முகவர் திருப்பியனுப்பிவிட்டார். இரண்டாமவரான கிறிஸ்டோபர் லிட்டில் ஏற்றுக்கொண்டார். அவருக்கும் பன்னிரண்டு பதிப்பகங்கள் இல்லையென்று சொல்லின. புளூம்ஸ்பரி நிறுவனத் தலைவர் முதல் அதிகாரத்தைத் தம் எட்டு வயது மகளிடம் கொடுக்க, மீதியையும் கேட்டு நச்சரித்தாளாம் அச்சிறுமி. 1997 ஜூன் 26-இல் நூல் வெளிவந்தது.

இன்றைய நடைமுறையும் கடினமன்று. குழந்தை நூல்களை ஏற்கும் முகவர்களின் பட்டியல் ஆண்டுதோறும் புத்தகமாக வருகிறது. அங்குள்ள பொது நூலகங்களில் பார்க்கலாம். பெரிய கதையாயின் முதல் மூன்று அதிகாரங்கள், கதைச்சுருக்கம், ஒரு பக்கக் கடிதம். சிறுவர் படக்கதையாயின் முழுவதும். படக்கதை பெரும்பாலும் 32 பக்கம். படம் வரைபவரைத் தேடி எழுத்தாளர் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. அது பதிப்பகத்தாரின் பொறுப்பு. மறுமொழிக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். சிலர் மறுமொழியே எழுதுவதில்லை. முகவருக்குரிய பங்கு உள்நாட்டு விற்பனையில் பொதுவாக நூற்றுக்குப் பதினைந்து, வெளிநாட்டு விற்பனையில் இருபது. எழுதியவருக்குப் பணம் வந்த பின்னரே அவருக்கு வரும். நன்மதிப்புள்ள முகவர் வாசிப்பதற்கென்று ஒரு காசும் கேட்பதில்லை. 1884 முதல் இயங்கும் எழுத்தாளர் சங்கம் ஒன்றும் லண்டனில் உண்டு. சந்தா செலுத்தி உறுப்பினரானோரின் ஒப்பந்தங்களைப் படித்துப் பார்த்து அறிவுரை கூறுகிறார்கள்.

அடுத்த ஞாயிறு அந்தத் தாயிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். அன்று மாலையே மகளை அழைத்துப் பேச வைத்தார். அந்தப் பெண் சற்று அழுதார். பணம் அனுப்பவில்லையே என்ற நிம்மதியை விட, தம் கதையைப் புகழ்ந்து அந்நிறுவனத்தார் எழுதியதெல்லாம் பொய்யோ என்ற வருத்தமே அவருக்கு மிகுதியாயிருந்தது. கதை நன்றா அன்றா என்பதை அவர்கள் படித்தே இருக்கமாட்டார்கள் மகளே, உன் வார்டிலுள்ள பிள்ளைகளைக் கேள் என்றேன்.

இப்போது மூன்று முகவர்களுக்கு எழுதியிருக்கிறார். ஒருவர் இரண்டு வரியில் மறுத்துவிட்டார். இன்னொருவர், இக்கதை வேண்டாம், வேறு இருந்தால் அனுப்புங்கள் என்றாராம். மூன்றாமவரிடமிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. நகைப்பெட்டி அந்தத் தாயின் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது.