நாணமும் வாணிபமும்

நல்ல பொருளைச் செய்யத் தெரிந்தவர் எல்லாருக்கும் அப்பொருளைப் பற்றிப் பேசத் தெரிவதில்லை. பேசத் தெரிந்தவருள்ளும் பலர் கமராவின் முன்னே நின்றவுடன் நா வறண்டு, கையை எங்கே வைப்பது, கண்ணை எங்கே செலுத்துவது என்றறியாது திகைக்கின்றனர். முன்னாளில் இது பெருங்குறையாகத் தோன்றவில்லை. வாங்குவோர் கடைக்கு வந்தனர்; பொருளை முகர்ந்தும் சுவைத்தும் பார்த்து வாங்கிச் சென்றனர். இன்றோ வாங்குவோர் கைத்தொலைபேசியிலே பொருளைக் காண்கின்றனர். வீட்டில் மிளகாய்த்தூள் இடித்து விற்கும் தாயாரும், ஒடியல்மாவும் பனங்கட்டியும் வெளியூருக்கு அனுப்பும் சிறு வியாபாரியும் ஒரு நிமிட வீடியோவிலே தம் கதையைச் சொல்லியாக வேண்டிய காலம் இது.

இந்நிலையில், நாணம் மிக்கவர் என்ன செய்வது? வாணிபத்தைக் கைவிடுவதா? அன்றித் தமக்காகப் பேச இன்னொருவரை நிறுத்துவதா? நிறுத்தினால் அது பொய்வேடம் ஆகாதா? கல்லூரியை விட்டு வெளியேறிச் சிறு தொழில் தொடங்கும் இளைஞர் பலர் நம்மிடம் கேட்கும் கேள்விகள் இவை. ஒரு குடும்பத்தின் சீவனோபாயமும், அதன் நற்பெயரும் இக்கேள்விகளுக்கு நாம் காணும் விடையிலே தங்கியிருத்தலால், அவற்றை நிதானமாக ஆராய்வது பயனுடைத்து.

முதற்கண், இந்த நாணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நாம் நமது முகத்தைக் கண்ணாடியிலே தினமும் காண்கிறோம். கண்ணாடியோ இடவலம் மாறிய உருவத்தையே காட்டுவது. 1977 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் சிலர் ஒருவரது முகத்தின் இருவகைப் படங்களையும் காட்டிச் சோதித்தபோது, படத்துக்குரியவர்கள் கண்ணாடியிற் காணும் உருவத்தையே பெரிதும் விரும்பினர். அவர்தம் நண்பர்களோ உண்மை உருவத்தையே விரும்பினர். பழகிய தோற்றமே இனிய தோற்றம் என்பது இதனாற் புலனாகும். குரலும் அவ்வாறே. நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டின் எலும்புகள் வழியாகவும் நம் செவியை அடைகிறது. அதனாற் கனத்த குரலாகக் கேட்கிறது. ஒலிப்பதிவிலே எலும்பு வழி வரும் பங்கு இல்லை. ஆகவேதான் பதிவு செய்த நம் குரல் நமக்கே அந்நியமாய், மெலிந்து ஒலிக்கிறது. மற்றவர்களோ என்றும் அக்குரலையே கேட்டுப் பழகியவர்கள்.

இன்னுமொன்று. 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர், மாணவர் சிலருக்கு வெட்கம் தரத்தக்க படம் பொறித்த சட்டையை அணிவித்து, பலர் இருந்த அறைக்குள் அனுப்பினர். அறையிலிருந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் தம் சட்டையைக் கவனித்திருப்பர் என்று அவர்கள் எண்ணினர். உண்மையிற் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர் மட்டுமே. உலகம் முழுவதும் நம்மையே உற்றுநோக்குகிறது என்ற அச்சத்திற் பாதி நம் கற்பனையே என்பது இதன் கருத்து. இவ்வுண்மைகளை அறிந்த அளவிலே சிலருக்கு நாணம் தணிந்துவிடும். அவர்கள் தாமே பேசலாம், பேசுவதே நன்று. தணியாதவரும் உளர். அவர்களை நாம் எள்ளி நகையாடுதல் தகாது.

ஏனெனில், தமக்காகப் பிறரைப் பேச வைத்தோர் வரிசையிலே பெரியோர் பலரைக் காண்கிறோம். கி.மு. 436 முதல் 338 வரை வாழ்ந்த ஏதென்ஸ் நகரத்து ஐசோக்கிரட்டீஸ், மெலிந்த குரலும் சபைக் கூச்சமும் உடையவர். மேடைப் பேச்சே அரசியலாக இருந்த அந்நகரில் அவர் மேடையை விட்டு ஒதுங்கி எழுதினார். கல்விக்கூடம் நிறுவி, மேடையேறக் கூடிய மாணவர்களைப் பயிற்றினார். அமெரிக்க ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சனும் பேச்சு மேடையை விரும்பாதவர். அவர் 1801 ஆம் ஆண்டிலே தமது வருடாந்தச் செய்தியை எழுத்தில் அனுப்பி, எழுதுவினைஞரைக் கொண்டு வாசிக்கச் செய்தார். நேரிற் சென்று உரையாற்றுவது அரசரின் கொலுவுரையை ஒத்திருக்கிறதென்ற கொள்கையும் அதற்குக் காரணமாயிருந்தது. அவ்வழக்கம் 1913 ஆம் ஆண்டில் வூட்ரோ வில்சன் நேரிற் சென்று பேசும் வரை நூறாண்டுக்கு மேல் நிலைத்தது.

நமது மரபிலும் இதற்கு இடமுண்டு. திருக்குறளிலே அவையஞ்சாமை என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், தூது என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். தம்மை அனுப்பியவர்மேற் பற்று, விஷய ஞானம், எண்ணிப் பார்த்துச் சொல்லும் திறமை ஆகியன தூதரிடம் வேண்டுமென்பது அவர் கருத்து. நாட்டுக்கூத்திலே அரசன் களரிக்கு வருமுன் கட்டியகாரன் வந்து அவன் பெருமையைக் கூறுகிறான். கட்டியகாரன் தன்னை அரசன் என்று சொல்லிக்கொள்வதில்லை. சபையோரும் அவனை அரசனென்று மயங்குவதில்லை. பிறருக்காகப் பேசுவதன் நேர்மை முழுவதும் இவ்வேறுபாட்டிலே அடங்கியிருக்கிறது.

வாணிபத்துக்கு வருவோம். 1952 ஆம் ஆண்டில் இலங்கை வானொலியிலே ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் ஹிந்திப் பாடல் நிகழ்ச்சி தொடங்கிற்று. பினாக்கா என்பது ஒரு பற்பசையின் பெயர். பம்பாயிலே பதிவாகிக் கொழும்பிலிருந்து ஒலிபரப்பான அந்நிகழ்ச்சியை நடத்தியவர் அமீன் சயானி. பற்பசை செய்தவர் யாரென்று கேட்டோர் எவருமிலர். ஆனால், நேயர்களை உடன்பிறந்தாராகப் பாவித்து அழைத்த அந்தக் குரலும் பற்பசையின் பெயரும் இந்திய உபகண்டமெங்கும் பரவின. தக்க குரல் ஒன்று கிடைத்தால் பொருளுக்குரியவர் திரைக்குப் பின்னே இருக்கலாம் என்பதற்கு இது சிறந்த சான்று.

எனினும் இவ்வழியிலே ஒரு வழுக்கற் பாறையும் உண்டு. அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரிலே மாவரைக்கும் கம்பனி ஒன்று 1921 ஆம் ஆண்டில் ஒரு புதிர்ப் போட்டி வைத்தது. விடைகளோடு, சமையலைப் பற்றிய சந்தேகங்களும் கடிதங்களாகக் குவிந்தன. பதிற் கடிதங்களில் ஒப்பமிடுவதற்கென்றே ‘பெற்றி குரொக்கர்’ என்ற பெண்ணொருத்தியைக் கம்பனி கற்பனை செய்தது. பின்னர் அவளுக்கு வானொலிக் குரல் கிடைத்தது. 1936 இல் ஓவிய முகமும் கிடைத்தது. 1945 இல் ‘போர்ச்சூன்’ சஞ்சிகை, அமெரிக்கப் பெண்களுள் எலினோர் ரூஸ்வெல்ற் அம்மையாருக்கு அடுத்தபடி புகழுடையவள் இவளே என்றது. அப்படியொரு பெண் பிறக்கவேயில்லை! சமையற் குறிப்புக்கள் பரீட்சித்துப் பார்த்தவை என்பதனால் எவருக்கும் கேடு விளையவில்லை. ஆனால், பொருள் தரமற்றதாக இருந்திருப்பின், மக்கள் யார் வாசலிற் போய் நியாயம் கேட்பது?

இன்று கணினியே மனித உருவத்தைப் படைத்து, எந்த மொழியிலும் பேச வைக்கிறது. கூச்சமுடையோருக்கு இது மலிவான துணையென விற்கப்படுகிறது. கருவி என்ற அளவில் அதனை நாம் வெறுக்கவில்லை. ஆயின், உண்ணாத வாய் ‘உண்டு பார்த்தேன், சுவையாக இருந்தது’ என்று கூறுமாயின் அது அப்பட்டமான பொய். உருவம் கணினி செய்தது என்பதைத் திரையிலேயே எழுதிக் காட்டுவதும், அவ்வுருவின் வாயிலே அநுபவச் சான்று எதனையும் திணியாதிருப்பதும் நேர்மையுடையோர் கடன்.

இனி, பேச்சாளரைத் தேர்வு செய்யும் முறையைக் கவனிப்போம். அழகிய முகத்தையும் அடுக்குமொழியையும் முதலிலே தேட வேண்டியதில்லை. வெண்டிஸ் என்னும் உணவுக் கடைகளை 1969 இல் அமெரிக்காவில் நிறுவிய டேவ் தோமஸ், 1989 முதல் தமது விளம்பரங்களிலே தாமே தோன்றினார். நடிகருக்குரிய நயம் எதுவுமற்ற அம்மனிதர் 2002 இல் மறையும் வரை 800 க்கும் அதிகமான விளம்பரங்களிற் பேசினார். மக்கள் விரும்பியது அவருடைய சாதாரணத்தையே. ஆகவே, பொருளை நாள்தோறும் கையாளும் பணியாளர், அல்லது பல காலம் வாங்கிப் பழகிய வாடிக்கையாளர், கூலிக்கு வரும் நடிகரினும் மேலான பேச்சாளராக அமையக்கூடும்.

பேச வேண்டியதை எழுதுவதிலும் ஒரு முறையுண்டு. உரியவர் தம் நண்பர் ஒருவரோடு பொருளைப் பற்றி இயல்பாக உரையாடட்டும். குரலை மட்டும் பதிவு செய்க. “பாருங்கோ தங்கச்சி, மிளகாயை நல்லாக் காயவைச்சு, கருக விடாம வறுத்துத்தான் இடிக்கிறனான்” என்று அந்தத் தாயார் சொல்லியிருப்பார். அதுவே சரக்கு. “உன்னத தரம், உயரிய சுவை” என்று அதனை மாற்றி எழுதினால் உயிர் போய்விடும். பேச்சாளர், “இவர் மிளகாயைக் கருகவிடாது வறுத்தே இடிக்கிறார், நான் நேரிற் பார்த்தேன்” என்று சொல்லட்டும், நேரிற் பார்த்த பின்னரே சொல்லட்டும். ‘நான் இடிக்கிறேன்’ என்று மட்டும் அவர் சொல்லலாகாது. எழுதியதை மணிக்கூட்டை வைத்து உரக்க வாசித்து, நீளத்தைக் குறைத்துக்கொள்க. மனப்பாடம் செய்யவியலாதவருக்கு, வரிகளைக் கமராவின் அருகே ஓடவிடும் ரெலிபுரொம்ப்டர் துணைசெய்யும். 1950 ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகருக்காகச் சுருள் தாளிலே தொடங்கிய அக்கருவி இன்று கைத்தொலைபேசியிலேயே கிடைக்கிறது.

பேச்சாளருக்கும் பொறுப்புண்டு. இந்தியாவின் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்திலே தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் 10 இலட்சம் ரூபா வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. ஓராண்டு வரை விளம்பரங்களிலே பரிந்துரைப்பதையும் தடைசெய்யலாம். முன்கூட்டித் தக்கவாறு விசாரித்தறிந்தவருக்கு அத்தண்டம் இல்லை. நமது நாட்டிலும் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் ஏமாற்று வாணிபத்தைத் தடைசெய்கிறது. பணம் பெற்றுப் பேசுபவர் அதனை மறையாது கூறவேண்டுமென்பது அமெரிக்காவிலும் விதி. ‘எழுதித் தந்ததை வாசித்தேன்’ என்பது இனித் தப்பும் வழியன்று.

உறவினராயினும் நண்பராயினும் ஒப்பந்தத்தை எழுத்தில் வைப்பது நலம். அமெரிக்காவின் வெறைசன் என்னும் தொலைபேசி நிறுவனத்துக்காக 2002 முதற் பல்லாண்டு தோன்றி, ‘இப்போது கேட்கிறதா?’ என்ற கேள்வியாற் புகழ்பெற்றவர் போல் மார்க்கரெலி என்ற நடிகர். அவர் 2016 இல் போட்டி நிறுவனமாகிய ஸ்பிரின்ற்றுக்காகப் பேசினார். முன்னைய ஒப்பந்தம் முடிந்தபின் அவர் செய்தது குற்றமன்று. ஆயினும் ஒருவர் செலவிட்டு வளர்த்த முகம் மற்றொருவருக்குப் பயன்பட்டது. வேதனம் எவ்வளவு, வீடியோவை எத்தனை ஆண்டுகளுக்குப் பயன்படுத்தலாம், எங்கெங்கே வெளியிடலாம், பிரிந்தபின் போட்டியாளருக்காகப் பேசலாமா என்னும் இவை ஒரு தாளில் அடங்கும். அத்தாள் இல்லாமையாற் பிரிந்த நட்புக்களும் உறவுகளும் பல.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தாம் நாணிக்கொண்டு, துடுக்காகப் பேசும் தம் பிள்ளையைக் கமராவின் முன் நிறுத்தும் வழக்கம் பரவி வருகிறது. ஒரு முறை வேடிக்கையாகத் தோன்றும். பின்னர் வாரந்தோறும் தொழிலாகிவிடும். தந்தைக்கு மறுக்கும் உரிமை இருந்தது. மகளுக்கு அவ்வுரிமை இருந்ததா? அவள் பெரியவளான பின்னும் அப்படங்கள் அழியா. பிரான்சு தேசம் 2020 ஒக்ரோபரில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உருவத்தை இணையத்திலே வருமானத்துக்காகப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தச் சட்டமியற்றியது. வருவாயின் ஒரு பங்கைப் பிள்ளை வயது வரும்வரை காப்பிலிடவும் விதித்தது. சட்டம் இல்லாத இடத்தில் பெற்றோரின் மனச்சாட்சியே சட்டமாக வேண்டும். நமது நாணத்தின் விலையைப் பிள்ளைகள் செலுத்துதல் நீதியன்று.

பேச்சாளருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் என்ன செய்வது? முகம் தோன்றாமலே கைகளைக் காட்டலாம். உரலில் உலக்கை விழுவதும், சுளகிலே தூள் புடைக்கப்படுவதும், ஓலைக் குட்டானிலே பனங்கட்டி இறங்குவதும் ஆயிரம் அடைமொழிகளுக்குச் சமம். குரல் மட்டும் பின்னணியில் ஒலிக்கட்டும். குரலும் வேண்டாமெனின் எழுத்து ஓடட்டும்.

எந்த வழியைக் கொண்டாலும் ஒன்றை மட்டும் எவரும் கடன் கொடுக்க இயலாது. முகத்தைக் கடன் வாங்கலாம். குரலைக் கடன் வாங்கலாம். பொறுப்பைக் கடன் வாங்க முடியாது. ஆகவே, யார் பேசினும், வீடியோவின் முடிவிலே செய்தவரின் பெயரும், குறை சொல்ல அழைக்கக்கூடிய இலக்கமும் இருத்தல் வேண்டும். குறை கூறி அழைப்பவருக்கு விடை சொல்வதைப் பேச்சாளரிடம் ஒப்படைக்கலாகாது. அங்கே கமரா இல்லை, சபையுமில்லை. ஒருவரோடு ஒருவர் பேசும் அந்த இடத்திலே எவ்வளவு நாணமுடையவரும் தம் வாயாற் பேசலாம். அங்கே பேசுகிறவரிடமே வாங்கியவர் மீண்டும் வருவர்.