கலெண்டுலா

கலெண்டுலா (தாவரவியல் பெயர்: கலெண்டுலா ஒஃபிசினாலிஸ்) என்பது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பூஞ்செடி ஆகும். தென் ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்டதாகக் கருதப்படும் இச்செடி 30 முதல் 60 செ.மீ. வரை உயரமாக வளரும். பூக்கள் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறமானவை. கரோலஸ் லின்னேயஸ் 1753 ஆம் ஆண்டில் இதற்கு அறிவியற் பெயரிட்டார்.

துலுக்கச் சாமந்தியிலிருந்து வேறுபாடு

தமிழ்நாட்டில் மாலை கட்டப் பயன்படும் துலுக்கச் சாமந்தி (செண்டுமல்லி) அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த டாஜெடிஸ் என்னும் வேறு பேரினம் ஆகும். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் மேரிகோல்டு என்ற பெயர் வழங்குவதால் விதை வாங்கும்போது குழப்பம் ஏற்படுகின்றது. துலுக்கச் சாமந்தியின் இலைகள் இறகு போலப் பிளவுபட்டவை. விதைகள் ஊசி போன்றவை. கலெண்டுலாவின் இலைகள் பிளவுபடாமல் நீண்டவை. விதைகள் பிறை போல வளைந்தவை. கலெண்டுலாவின் மருத்துவப் பயன்களை எண்ணித் துலுக்கச் சாமந்தியைப் பயன்படுத்தலாகாது.

விதைப்புப் பருவம்

இது குளிர்ந்த வானிலையை விரும்பும் செடி. டோல்கேட், இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் முதலிய வடசென்னைப் பகுதிகளில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே இதற்கு ஏற்றது. நவம்பரில் மழை படாத இடத்தில் தட்டுகளில் 1 செ.மீ. ஆழத்தில் விதைத்தால் 7 முதல் 14 நாட்களில் முளைக்கும். நான்கைந்து இலைகள் விட்டபின், கனமழை ஓய்ந்ததும் நாற்றுகளை 25 செ.மீ. இடைவெளியில் நடலாம். விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதங்களில் பூக்கும். ஏப்ரல் வெயிலில் செடி வாடிவிடும்.

மண்ணும் நீரும்

நீர் தேங்காத மண் தேவை. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து தொட்டியில் இடலாம். தழைச்சத்து மிகுந்தால் இலைகள் பெருகிப் பூக்கள் குறையும். கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால், குழாய் நீரையோ சேமித்த மழைநீரையோ ஊற்ற வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையொட்டி வந்த வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகப் பகுதிக் குடியிருப்புகளில் படிந்தது. இவ்வாறு எண்ணெய் படிந்த நிலத்தில் உணவுக்கான பூக்களை வளர்க்காமல், வேறிடத்து மண் நிரப்பிய தொட்டிகளைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

பராமரிப்பு

காலை வெயில் படும் இடத்தில் தொட்டியை வைத்து, மேல்மண் காய்ந்ததும் நீர் ஊற்ற வேண்டும். வாடிய பூக்களைக் கிள்ளிவிட்டால் புதிய மொட்டுகள் தோன்றும். விதைக்காக ஓரிரு பூக்களைச் செடியிலேயே முற்றவிடலாம். அசுவினி தாக்கினால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். சாம்பல் நோயைத் தவிர்க்கச் செடிகளிடையே காற்றோட்டம் இருத்தல் வேண்டும்.

பயன்பாடு

இதழ்களை உணவுக்கு நிறமூட்டவும், காயவைத்து எண்ணெயில் ஊறவைத்துத் தோல் களிம்பு செய்யவும் பயன்படுத்துவர். கண்டெய்னர் லாரிகள் செல்லும் சாலையோரத்துப் பூக்களில் புகையும் தூசியும் படிவதால் அவற்றை உண்ணலாகாது. சூரியகாந்திக் குடும்பச் செடிகளால் ஒவ்வாமை ஏற்படுவோரும் கருவுற்ற பெண்களும் மருத்துவரின் அறிவுரையின்றி இதனை உட்கொள்ளக் கூடாது.