மருந்துச் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆதாரம்

கண்ணமங்கலத்தில் தறி போடும் வீட்டுப் பெண்ணுக்கு மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போனால், ஆரணிக்கோ வேலூருக்கோ பஸ் ஏற வேண்டும். அங்கே பெரும்பாலும் முதலில் எழுதித் தரப்படுவது ஸ்கேன். 'நீர்க்கட்டி' என்று அறிக்கை வந்துவிட்டால் கல்யாணப் பேச்சு வரை கவலை நீளும். ஆனால் பிசிஓஎஸ் எனப்படும் இந்த நீர்க்கட்டிப் பிரச்சினை குறித்து 2023-இல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டி வேறு மாதிரி சொல்கிறது. மாதவிலக்கு ஒழுங்கில்லை, முகத்தில் முடி போன்ற ஆண் ஹார்மோன் மிகுதியின் அறிகுறிகளும் இருக்கின்றன, தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்றால், நோயை உறுதிசெய்ய ஸ்கேனே வேண்டாம். வளரிளம் பருவப் பெண்களிடம் நோயைக் கண்டறிய ஸ்கேனைப் பயன்படுத்தவே கூடாது. அந்த வயதில் சினைப்பையில் நிறைய முட்டைப்பைகள் தெரிவது இயல்பு.

இதைச் சொல்ல இவர்கள் யார் என்று கேட்பது நியாயம்தான். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்த, 39 அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய வழிகாட்டி இது. முதலில் கேள்விகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் வெளிவந்த ஆய்வுகளைத் தேடி, அவை எவ்வளவு நம்பத்தக்கவை என்று தரம் பிரித்த பிறகே பரிந்துரை எழுதினார்கள். நோயுள்ள பெண்களும் குழுக்களில் இருந்தார்கள். மொத்தம் 254 பரிந்துரைகளும் நடைமுறைக் குறிப்புகளும் உண்டு. அவற்றில் ஆய்வு ஆதாரத்தை நேரடியாகக் கொண்டவை 77 மட்டுமே. மீதி நிபுணர்களின் ஒருமித்த கருத்தும் நடைமுறை அறிவுரையும். எது எந்த வகை என்று ஒவ்வொன்றிலும் குறித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், நம்பிக்கை பிறப்பதே இந்த ஒப்புதலில்தான். இத்தனை உறுதி, இத்தனை ஊகம் என்று பிரித்துச் சொல்லும் மருந்துச் சீட்டை நாம் எங்கே பார்க்கிறோம்?

முப்பது வருட அனுபவமுள்ள மருத்துவருக்கு ஏட்டுப் பரிந்துரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு லெட்ரோசோல் மாத்திரையின் கதையே பதில். மார்பகப் புற்றுநோய்க்காக வந்த அந்த மருந்தை, கருமுட்டை வெளிவர உதவுகிறது என்று கண்டு குழந்தைப்பேறு சிகிச்சையிலும் கொடுத்துவந்தார்கள். கருவுக்குக் கேடு வரலாம் என்று 2005-இல் கனடாவிலிருந்து வந்த ஒரு மாநாட்டு அறிக்கை அச்சத்தைக் கிளப்பியது. 2011-இல் இந்திய அரசு அந்தப் பயன்பாட்டுக்குத் தடை விதித்தது. கொடுத்தவர்களிடம் இருந்தது அனுபவம், தடுத்தவர்களிடம் இருந்தது பயம். தீர்ப்புச் சொல்லும் அளவுக்குச் சோதனை இரு பக்கமும் இல்லை. 2014-இல் அமெரிக்காவில் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. பழைய மருந்தான க்ளோமிஃபின் எடுத்தவர்களில் 19.1 சதவீதத்தினர் குழந்தை பெற்றார்கள். லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம். 2017-இல் தடை நீங்கியது. மறு ஆண்டே வந்த சர்வதேச வழிகாட்டியின் முந்தைய பதிப்பு அதை முதல் தேர்வு மருந்தாக்கியது. அனுபவம் இந்த முறை சரியாகவே கணித்திருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த மருந்திலும் அப்படியே நடக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது?

ஆஸ்திரேலியாவில் எழுதியது நம் பெண்களுக்குப் பொருந்துமா என்பதுதான் கனமான ஆட்சேபம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் 9,824 இந்தியப் பெண்களிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். 1990-ஆம் ஆண்டு அளவுகோலால் எண்ணினால் அவர்களில் 7.2 சதவீதத்தினருக்கே பிசிஓஎஸ்; 2003-இன் ராட்டர்டாம் அளவுகோலால் எண்ணினால் 19.6 சதவீதம். ஒரே பெண்கள், அளவுகோல் மாறியதும் நோயாளிகளின் எண்ணிக்கை இரண்டரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. இத்தனை பேரின் தலையெழுத்தை ஒரு வரையறை தீர்மானிக்கும்போது, அதை வகுக்கும் ஆய்வுகளில் நம் பெண்களும் இருந்தாக வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் புதிதாக எழுதத் தேவையில்லை. வெளி ஆதாரத்தை எடுத்துக்கொண்டு, மாற வேண்டிய இடத்தில் மட்டும் நம் தரவை வைத்து மாற்றலாம். எடை விஷயத்தில் இது ஏற்கெனவே நடக்கிறது. ஐரோப்பியருக்கு உடல் நிறைக் குறியீடு 25-ஐத் தாண்டினால் எச்சரிக்கை என்றால், ஆசியருக்கு அது 23-லேயே தொடங்குகிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் முன்னனுபவமும் உண்டு. சென்னை மருத்துவர் வி. சேஷையா போன்றோரின் பணியைத் தொடர்ந்து, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நீரிழிவுப் பரிசோதனை கட்டாயம் என்று 2007-இல் மாநில அரசு ஆணையிட்டது. 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் அந்த முறையை, பின்னர் மத்திய சுகாதார அமைச்சகமும் ஏற்றது. பிசிஓஎஸ் உள்ள பெண் ஒல்லியோ பருமனோ, நீரிழிவு இருக்கிறதா என்று பார்க்க அவளுக்கும் இதே 75 கிராம் சோதனையைத்தான் சர்வதேச வழிகாட்டி முதலில் பரிந்துரைக்கிறது. வெறும் வயிற்றில் வர வேண்டும் என்பது கூடுதல். இந்த வழிகாட்டியைப் பின்பற்றச் செலவு கட்டுப்படியாகாது என்பவர்கள் ஸ்கேனையும் விலை கூடிய ஹார்மோன் சோதனைகளையும் மனதில் வைத்துச் சொல்கிறார்கள். குளுக்கோஸ் பொட்டலமும் அதைக் கொடுக்கப் பழகிய செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏற்கெனவே இருக்கிறார்கள். அந்தச் சோதனையைக் கர்ப்பமாகாத பெண்களுக்கும் எழுதிக் கொடுக்கலாம் என்று சொல்ல ஓர் ஆணைதான் பாக்கி.