2004 பாஸ்டன் ரெட் சாக்ஸ் பருவம்

2004 பாஸ்டன் ரெட் சாக்ஸ் பருவம் என்பது, அமெரிக்காவின் மேஜர் லீக் அடிபந்தாட்டத்தில் (பேஸ்பால்) பாஸ்டன் நகர அணி 86 ஆண்டுகளுக்குப் பின் உலகத் தொடரை வென்ற பருவமாகும். 1918 இல் வாகை சூடிய இவ்வணி, பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்ற பின் பட்டம் எதுவும் பெறவில்லை. ரூத்தின் பட்டப்பெயரைக் கொண்டு இதனை "பாம்பினோவின் சாபம்" என்றனர்.

டெர்ரி பிராங்கோனா மேலாளராகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் அணி 98 ஆட்டங்களில் வென்று, 64 இல் தோற்றது. தன் பிரிவில் யாங்கீசுக்கு அடுத்த இடமே கிடைத்ததால், வைல்டு கார்டு வாய்ப்பின் மூலம் அடுத்த சுற்றுக்கு முன்னேறியது. அங்கு அனகைம் ஏஞ்சல்ஸ் அணியை 3-0 என வென்றது.

அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் யாங்கீசிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்தது. மூன்றாவதில் 19-8 எனத் தோற்றது. நான்காம் ஆட்டத்தின் ஒன்பதாம் இன்னிங்சில் 4-3 எனப் பின்தங்கியிருந்தபோது டேவ் ராபர்ட்ஸ் இரண்டாம் தளத்தைத் திருடினார். பில் மியுல்லரின் அடியில் அவர் ஓட்டம் எடுக்க, ஆட்டம் சமனானது. பன்னிரண்டாம் இன்னிங்சில் டேவிட் ஓர்டிசின் ஹோம் ரன் வெற்றி தந்தது. எஞ்சிய மூன்று ஆட்டங்களையும் வென்று, 0-3 நிலையிலிருந்து ஏழு ஆட்டத் தொடரைக் கைப்பற்றிய முதல் மேஜர் லீக் அணியானது.

உலகத் தொடரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை 4-0 என வீழ்த்தி, அக்டோபர் 27 அன்று பட்டம் வென்றது. மேனி ராமிரெஸ் தொடரின் சிறந்த வீரராகத் தேர்வானார்.