அந்தமானில் குடியேறப் போகிறீர்களா? இதெல்லாம் தெரியுமா?

போர்ட் பிளேருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டதா? 2024-இல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், தெரியுமா? சரி, முதல் வேலையாக அலாரத்தை மாற்றி வையுங்கள்! ஜூன் மாதத்தில் அங்கே காலை ஐந்து மணிக்குள் சூரியன் பளிச்! டிசம்பரில் மாலை ஐந்தேகாலுக்குள் அஸ்தமனம்! காரணம் என்ன? சென்னையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 1,350 கி.மீ. கிழக்கே இருக்கிறது ஊர். கடிகாரமோ நம்மூர்க் கடிகாரமேதான்! ஆபீஸ் விட்டு ஆற அமரக் கடற்கரைக்குப் போனால் இருட்டைத்தான் பார்க்கலாம். ஊர் சுற்றுவதெல்லாம் விடியற்காலையில்தான்!

விமானத்தில் இரண்டு மணி நேரத்துச் சொச்சம். கப்பலில்? கிட்டத்தட்ட மூன்று நாள்! வீட்டுச் சாமான் மூட்டைகளும் கடல்மேல்தான் வந்து சேரும்.

இன்டர்நெட் கிடைக்குமா என்று கவலையா? சென்னையிலிருந்தே பல தீவுகளுக்கும் கடலுக்கடியில் சுமார் 2,300 கி.மீ. கேபிள் போட்டிருக்கிறார்கள்! 2020 ஆகஸ்ட் 10-இல் திறந்தார்கள். அதுவரை ஊரே செயற்கைக்கோளை நம்பி இருந்தது! அங்கே போனதும் உங்கள் வாயிலும் ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும்: ‘மெயின்லேண்ட்’. மருந்தா, மாப்பிள்ளையா, எது வெளியிலிருந்து வந்தாலும் ‘மெயின்லேண்ட்லேர்ந்து வந்தது’தான்!

மொழிப் பிரச்சினையா? 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்குச் சுமார் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ்! பங்குனி உத்திரத்துக்குக் காவடிகூட உண்டு! கடைத்தெருவில் மட்டும் இந்தியைக் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள், பேரம் பேச உதவும்.

மொத்தம் எத்தனை தீவு தெரியுமா? பாறைத் துண்டுகளையும் சேர்த்து 836! ஆள் இருப்பதோ முப்பத்துச் சொச்சத்தில்தான்!

இந்தியாவில் எரிமலை உண்டா? உண்டு! போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கி.மீ. தூரத்தில் பாரன் தீவு. நீண்ட உறக்கத்துக்குப் பிறகு 1991-இல் கண் விழித்தது, அதன்பின் அவ்வப்போது புகைகிறது! கரையேற விடமாட்டார்கள், படகிலிருந்தே பார்க்கலாம். அங்கே குடியிருப்பது யார் தெரியுமா? ஆடுகள்! என்றைக்கோ கொண்டுபோய் விட்ட ஆடுகளின் வாரிசுகள், எரிமலைச் சரிவில் மேய்ந்துகொண்டிருக்கின்றன!

சுடாத எரிமலையும் இருக்கிறது! பாராடாங் தீவில் கஞ்சி கொதிப்பதுபோல் சேறு ‘பொளக் பொளக்’ என்று குமிழிவிடும். தொட்டால் சுடாது! அங்கே போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காட்டு வழியே போகிறது. குறித்த நேரத்தில் வண்டிகள் வரிசையாகத்தான் போகவேண்டும். நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது! எடுத்தால் வழக்கு! சரியான சட்டம்தான். நம் செல்பிக்காக அவர்கள் வாழவில்லை.

யானை கடலில் நீந்துமா? நீந்தும்! 1960-களில் மரம் வெட்டிய கம்பெனி ஒன்று நொடித்துப்போய், இன்டர்வியூ தீவில் தன் யானைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனது. அவற்றின் சந்ததி இன்று காட்டு யானைகள்! ஹேவ்லாக் தீவில் ராஜன் என்று ஒரு யானை, தும்பிக்கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு கடலில் நீந்தியே உலகப் புகழ் பெற்றது! 2016-இல் இறந்துபோனது.

நர்கோண்டம் தீவின் பரப்பு சுமார் ஏழு சதுர கி.மீ.தான். ஆனால் அந்தத் துக்கடா இடத்துக்கென்றே ஒரு இருவாச்சி இனம்! உலகத்தில் வேறெங்கும் இல்லை! பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும், ஆண் பறவை சந்து வழியே சாப்பாடு ஊட்டும்!

நிக்கோபார் பக்கம் தேங்காய் நண்டு இருக்கிறது. நான்கு கிலோ வரை எடை! காலை விரித்தால் ஒரு மீட்டர்! மரம் ஏறும், தேங்காயை உடைக்கும். கடலில் தூக்கிப் போட்டால்? மூழ்கிச் செத்துப்போகும்! நண்டுக்கு நீச்சல் தெரியாது, நம்புகிறீர்களா?

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது நீல் தீவில் கடல் வற்றும் நேரம்தான். முழங்கால் அளவுத் தண்ணீரில் பாறைகளுக்கிடையே மெதுவாக நடந்து பாருங்கள். கையளவு கடல் அட்டைகள் அசையாமல் கிடக்கும். பவளப் பாறையில் பதிந்த ராட்சதச் சிப்பி, நீலமும் பச்சையுமாக உதட்டை விரித்து வெயில் காயும். அதன்மேல் உங்கள் நிழலைப் படவிடுங்கள்... டக்கென்று வாயை மூடிக்கொள்ளும்! அதற்குக் கண் உண்டா? ஒன்றிரண்டல்ல, ஓரம் முழுக்க நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டிக் கண்கள்! செருப்பு இல்லாமல் மட்டும் இறங்காதீர்கள், பவளம் காலைக் கிழித்துவிடும்.

குளிக்கலாமா? முதலில் போர்டைப் படியுங்கள்! உப்புநீர் முதலைகள் உள்ள இடம். சில கடற்கரைகளில் வலை கட்டியிருப்பார்கள், அதற்குள்தான் குளியல்!

2004 டிசம்பர் 26 பூகம்பம் தீவுகளையே சாய்த்துவிட்டது, தெரியுமா? வட அந்தமானின் மேற்குக்கரை ஒரு மீட்டருக்கு மேல் எழும்பியது, பவளப் பாறைகள் வெளியே தெரிந்து காய்ந்து செத்தன! நாட்டின் தென்கோடியான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது! அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் கடலுக்குள்!

கரையில் பொறுக்கிய சங்கையும் பவளத்தையும் பெட்டிக்குள் ஒளித்து ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று நினைக்கிறீர்களா? விமான நிலையத்தில் பிடித்துவிடுவார்கள்!

கையில் பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு இருக்கிறதா? திருப்புங்கள்! தென்னை மரங்களுக்கிடையே தெரியும் அந்தக் கடல் எது என்று இத்தனை வருஷம் யோசித்ததுண்டா? போர்ட் பிளேருக்கு எதிரே உள்ள மவுன்ட் ஹேரியட்டிலிருந்து தெரியும் காட்சி அது! இப்போது அந்த மலைக்குப் பெயர் மவுன்ட் மணிப்பூர். படகில் அக்கரைக்குப் போய் மேலே ஏறினால், நோட்டையும் கடலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்!